பேட்டரி தானா வெடிக்காது

போன வருஷம் ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு கிடங்கிலிருந்து எனக்கு ஒரு விபத்துப் படிவம் வந்தது. சார்ஜ் அறையில் நின்றிருந்த ஃபோர்க்லிஃப்ட் ஒன்றின் பேட்டரியில் ஒரு செல்லின் மூடி தெறித்து, ஆசிட் சுவர் வரைக்கும் அடித்திருந்தது. பக்கத்தில் நின்ற பையன் முகக் கவசம் போட்டிருந்தான். முழங்கையில் மட்டும் காயம். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'பேட்டரி தானாக வெடித்துவிட்டது.'

நான் பேட்டரி செய்பவன் இல்லை. அந்த மாதிரிக் கிடங்குகளில் ஓடும் எலெக்ட்ரிக் வண்டிகளின் பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதும் குழுவில் இருக்கிறேன். எந்த வண்டியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எது சூடாகிறது, எதில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பாகக் காட்டுவது எங்கள் வேலை. வெடித்த பேட்டரி அன்று காலை எங்கள் திரையில் பச்சையாக இருந்தது. அதனால்தான் படிவம் என்னிடம் வந்தது.

அந்த ஒரு வரியைப் படித்ததும் ஏசி அறையில் எனக்கு வியர்த்தது. கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை எங்கள் வீட்டில் பல வருஷமாகக் கேட்டிருக்கிறேன். யாராவது விசாரித்தால் அம்மா சொல்வார்: "பேட்டரி வெடிச்சிருச்சு." அப்பாவும் அதையேதான் சொன்னார். தமிழில் அது சௌகரியமான வாக்கியம். யார் என்ன செய்தார்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

*

ஆலங்குடியில் வடகாடு முக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி அப்பாவுக்கு பேட்டரி கடை இருந்தது. டிராக்டர், லாரி, மைக்செட்டுக்காரர்களின் பேட்டரி என்று ஆரம்பித்தது. 2008-க்குப் பிறகு மின்வெட்டு கூடக் கூட இன்வெர்ட்டர் பேட்டரி வந்தது. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் எங்கள் பக்கம் பாதி நாளுக்கு மேல் போகும். கல்யாணச் சீர்வரிசையில் பீரோவுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டரை வைத்திருந்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் அப்பாவுக்குத் தூங்க நேரமில்லை.

கடையில் அவரோடு ஒரு அண்ணன் இருந்தார். பதினைந்து வயதில் வேலைக்கு வந்தவர். "எம்பேரெல்லாம் எதுக்கு தம்பி" என்று சொல்லிவிட்டதால் இங்கே அண்ணன் என்றே எழுதுகிறேன். எனக்கு ஹைட்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ரப்பர் குமிழை அழுத்தி, மூக்கை செல்லுக்குள் விட்டு, ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கண்ணாடிக் குழாய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். லாரி பேட்டரியில் 1280-ஐ ஒட்டி நின்றால் முழு சார்ஜ். 1120 பக்கம் இறங்கிவிட்டால் காலி. ஆறு செல்லில் ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த பேட்டரிக்கு நாள் எண்ணலாம்.

அப்பாவுக்குச் சில விதிகள் இருந்தன. டிஸ்டில் வாட்டரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் கைகழுவினாலே சோப்பு நுரைக்காது. அதில் இருக்கும் உப்பும் இரும்பும் பிளேட்டைத் தின்றுவிடும். "பேட்டரி வீக்கா இருக்கு, கொஞ்சம் ஆசிட் ஊத்துங்க" என்று வருபவர்களைத் திட்டி அனுப்புவார். பேட்டரியிலிருந்து குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது என்பதை ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது சொல்வார். தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே நிறைய ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட்டோடு வழிந்துவிடும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம். புதிதாக ஆசிட் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். கையில் மோதிரம், வாட்ச் இருக்கக் கூடாது. ஸ்பானருக்குப் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். பின்அறையில் பீடி கூடாது. கடையில் டீ குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. கையெல்லாம் ஈயம்.

எல்லா விதிக்கும் மேலே ஒன்று இருந்தது: முதலில் சுவிட்ச், அப்புறம் கிளிப். சார்ஜரை ஆஃப் செய்யாமல் கிளிப்பைத் தொடக் கூடாது.

*

இந்த விதிக்கான காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் மாணவன்.

ஈய பேட்டரியை 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே செய்தார். ஈயம், ஈய ஆக்ஸைடு, நடுவில் கந்தக அமிலம் என்ற அடிப்படை இன்று வரை மாறவில்லை. சார்ஜ் ஏறி முடியப்போகும் நேரத்தில், ஒரு செல்லில் 2.4 வோல்ட் அளவைத் தாண்டியதும், உள்ளே போகும் கரண்ட்டுக்கு வேறு வேலை இல்லாமல் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழ் குமிழாக மேலே வரும். கடையில் இதை 'கொதி வருது' என்பார்கள். அடுப்புக் கொதி மாதிரியே சத்தம் கேட்கும்.

இந்தக் கொதி கொஞ்சமாவது வர வேண்டும். அடர்த்தியான ஆசிட் செல்லின் அடியில் போய்த் தங்கிவிடும். குமிழ்கள் மேலே வரும்போதுதான் அது கலக்கும். கொதியே வராமல் பாதிச் சார்ஜிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அடிப்பக்கம் பிளேட் கெட்டுப்போகும். ஆனால் கொதியில் வருவது ஹைட்ரஜன். 12 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கொதி வந்த பிறகும் 10 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் சுமார் 25 லிட்டர் ஹைட்ரஜன் வரும். இரண்டு குடம். அதுவும் ஒரு பேட்டரிக்கு. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதைப் பற்றவைக்க நெருப்பு வேண்டாம், நைலான் சட்டையைக் கழற்றும்போது சுள்ளென்று வருமே, அதில் சிறு துளி போதும். நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிட லேசானது என்பதால் கூரைக்குக் கீழே போய் நிற்கும். சார்ஜ் அறைக்கு ஜன்னலைவிட, மேலே காற்று வெளியேற வழிதான் முக்கியம் என்பது அதனால்தான்.

இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

*

2012 மே மாதம். மூன்றாம் வருஷம் முடிந்து லீவுக்கு வந்திருந்தேன். மாலை நாலு மணி இருக்கும். பின்அறையில் பத்துப் பன்னிரண்டு பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் இருந்தன. காலையெல்லாம் கரண்ட் இல்லாமல் அப்போதுதான் வந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முன்னால் ஒருவர், "எப்ப தருவிய, பஸ்ஸு போயிரும்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அப்பா டெலிவரிக்குப் போன ஆட்டோவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பின்அறைக்குள் போனேன். அண்ணன் பக்கத்து பேட்டரியின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. அந்தப் புழுக்கத்தில் அதைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் ஆவி படிந்துவிடும், யாரும் போடுவதில்லை.

சார்ஜரின் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. நாலு எட்டு. அது இரைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதை ஆஃப் செய்தால் மறுபடி எல்லாவற்றையும் பார்த்துப் போட வேண்டும். நான் கிளிப்பை அப்படியே எடுத்தேன்.

சத்தம் பட்டாசு போல இல்லை. யாரோ தகர டிரம்மைக் கல்லில் அடித்ததுபோல் இருந்தது. அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்பா ஓடிவந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலில் சுவிட்சை ஆஃப் செய்தார். அண்ணனைத் தூக்கி வாசலில் இருந்த தண்ணீர் டிரம்முக்கு இழுத்துப் போய், இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு சொம்பு சொம்பாக ஊற்றினார். காலையிலிருந்து மோட்டார் ஓடாததால் டிரம்மில் பாதிதான் இருந்தது. அது தீர்ந்ததும் டீக்கடைக்காரர் தன் குடங்களைத் தூக்கி வந்தார். ஆட்டோவில் ஏற்றலாம் என்று எல்லோரும் கத்தினார்கள். அப்பா விடவில்லை. கால்மணி நேரமாவது ஊற்றிவிட்டுத்தான் ஏற்றினார். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து மதுரை. ஒரு கண் முழுதாகப் பிழைத்தது. இன்னொன்றில் வெள்ளை விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அந்தக் கால்மணி நேரம் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஃபேக்டரியாக இருந்திருந்தால் விசாரணை நடந்திருக்கும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு கண் பாதுகாப்பைப் பற்றியதுதான். ஆனால் அப்போதைய சட்டப்படி, கரண்ட் பயன்படுத்தும் இடமென்றால் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். எங்கள் கடையில் வேலைக்கு இருந்தது ஒருவர். அதனால் எந்தப் படிவமும் இல்லை. யாரும் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லவில்லை.

அப்பா தனக்குள்ளேயே நிரப்பிக்கொண்டார். "கிளிப்பு பழசு, ஸ்பிரிங் லூசு. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன்" என்று ஒருநாள் இரவு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் எல்லாக் கிளிப்பையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினார். வாசலில் இன்னொரு டிரம் வைத்தார், அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அண்ணனைக் கடையில் பங்குதாரராக ஆக்கினார். நான் காலேஜுக்குக் கிளம்பிப்போனேன். ஒன்றும் சொல்லவில்லை.

*

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது நான் பெங்களூரில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் ஊருக்குப் போக முடிந்தது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் ரோட்டோரம் வரிசையாக மடங்கியிருந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆனது. உள்கிராமங்களுக்கு இன்னும் அதிகம்.

கடை வாசலில் கூட்டம். வாடகை ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெரிய பலகையில் நூறு செல்ஃபோன்கள் சார்ஜ் ஏறின. அதற்கு அப்பா காசு வாங்கவில்லை. பேட்டரியை இறக்கிய வேகத்தில் யாராவது கிளிப்பை நோக்கிக் கை நீட்டினால் உள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"மொதல்ல சுவிட்சு. அப்பறம் கிளிப்பு."

அண்ணன். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல கண் பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு செல்லாகத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதை அவர் எனக்குச் சொல்வதாகத் தோன்றியது. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு அந்த நாட்களில் இன்னொன்றும் புரிந்தது. மாதா மாதம் தண்ணீர் பார்த்து, டெர்மினலில் படியும் பூவை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி வாசலின் தடவி வைத்திருந்த வீடுகளின் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு இரவெல்லாம் நின்றது. வாங்கி மாட்டியதோடு மறந்துபோன வீடுகளில் ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டது. நல்ல நாளில் செய்த வேலை அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது.

அப்பா 2021-ல் போய்விட்டார். தன்னுடைய பழைய கிளிப்பால்தான் அது நடந்தது என்று நம்பியே போனார்.

*

ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி எங்கள் கடை பேட்டரியின் பெரியப்பா. 48 வோல்ட்டுக்கு இரண்டு வோல்ட் செல்கள் 24 இருக்கும். ஒரு டன்னுக்கு மேலும் எடை வரும். அந்த எடை வீணில்லை, முன்னால் தூக்கும் சரக்குக்கு ஈடாக வண்டி குடைசாயாமல் பிடிப்பதே அதுதான். எட்டு மணி நேரம் ஓட்டு, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆறவிடு என்பது பழைய கணக்கு. 80 சதவீதத்துக்கு மேல் காலி செய்யக் கூடாது. சார்ஜ் போடும்போது வண்டியின் மூடி திறந்திருக்க வேண்டும். 500 ஆம்பியர்-அவர் பேட்டரி கடைசிக் கட்டத்தில் 25 ஆம்பியர் வாங்கும்போது மணிக்கு 250 லிட்டர் வரை ஹைட்ரஜன் விடும். கண் கழுவும் குழாய் சில எட்டு தூரத்தில் இருக்க வேண்டும், 15 நிமிஷம் தொடர்ந்து தண்ணீர் வர வேண்டும். அப்பா டீக்கடைக் குடத்தில் செய்ததைத்தான் உலகெங்கும் விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

விபத்து நடந்த கிடங்கின் பதிவுகளை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வண்டி சும்மா நிற்கக் கூடாது என்று, டீ இடைவேளையிலெல்லாம் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் சார்ஜ் போடச் சொல்லி எங்கள் மென்பொருள் பரிந்துரைத்திருந்தது. அதனால் பேட்டரி ஆறவேயில்லை. சூடான பேட்டரி தண்ணீரைச் சீக்கிரம் இழக்கும். தண்ணீர் குறைந்தால் பிளேட் வெளியே வரும், மேலே வாயு தங்க இடம் கூடும், உள்ளே ஒரு இணைப்பு லூசாகிப் பொறி வந்தால் போதும். தண்ணீர் குறைகிறது என்ற எச்சரிக்கையும் மஞ்சளில் வந்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் யாரோ 'பார்த்துவிட்டேன்' பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தியதும் மஞ்சள் பச்சையாகிவிடும். டிஸ்டில் வாட்டர் கேன் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது, சாவி இரவு ஷிஃப்டில் இருப்பவர்களிடம் இல்லை.

பார்த்துவிட்டேன் என்றால் பச்சை என்று எழுதியது நான். திரையில் நிறைய மஞ்சள் இருந்தால் வாடிக்கையாளர் எரிச்சலடைகிறார் என்று ஒரு கூட்டத்தில் பேசி, ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அவசரமாக மாற்றினேன். அந்த வரிகளுக்கு மேலே இன்னமும் என் பெயர் இருக்கிறது.

படிவத்தைத் திருப்பி அனுப்பும்போது 'காரணம்' என்ற கட்டத்தில் இதையெல்லாம் எழுதினேன். மேலாளர் கூப்பிட்டு, "இவ்வளவு டீட்டெயில் வேணுமா?" என்று கேட்டார். வேணும் என்றேன். இல்லையென்றால் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் அந்தப் பையன் மேல்தான் வந்து விழும், அவன்தான் பக்கத்தில் நின்றவன். இப்போது எச்சரிக்கை வந்தால், தண்ணீர் ஊற்றி மட்டம் ஏறியதை சென்சார் பார்க்கும்வரை மஞ்சள் மாறாது. டீ நேரப் பரிந்துரையை ஈய பேட்டரிகளுக்கு எடுத்துவிட்டோம். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மென்பொருளில் எழுத முடியாது. அதை நேரில் போய்ப் பேசினேன்.

*

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். இப்போது கடையை அண்ணன்தான் நடத்துகிறார். பழைய பேட்டரிகள் ஒரு மூலையில் நிமிர்த்தி அடுக்கியிருந்தன. முன்பெல்லாம் கடற்கரைப் பக்கமிருந்து வலைக்கு ஈயமணி உருக்கப் பழைய பிளேட் கேட்டு வருவார்கள், அண்ணன் இப்போது யாருக்கும் உடைத்துத் தருவதில்லை. முறையாக எடுப்பவருக்குத்தான் கொடுக்கிறார். 2007 கடைசியில் தொடங்கி நாலைந்து மாதத்துக்குள், செனகலில் தியாரோய் என்ற இடத்தில் பேட்டரி ஈயம் மண்ணில் கலந்து 18 குழந்தைகள் செத்துப்போனதை எப்போதோ நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அதை மறக்கவில்லை. வருகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் அனுப்புகிறாராம்.

டீ வந்தது. வாசலில் நின்று குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் சுவிட்ச ஆஃப் பண்ணாமதான் கிளிப்ப எடுத்தேன்."

அவர் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. சத்தம் வந்தப்ப ஒங் கைலதான் கிளிப்பு இருந்துச்சு. சார்ஜர் இரைஞ்சிக்கிட்டு இருந்துச்சு."

"ஏண்ணே யார்ட்டயும் சொல்லல?"

"நாஞ் சொல்லி என்ன ஆவப்போவுது. முதலாளி மவன் பேர்ல பழி போட்டேன்னு ஆவும். கண்ணு திரும்பியா வரப்போவுது?" டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "ஆனா நீ சொல்லியிருக்கலாம். எங்கிட்டகூட வேணாம். அண்ணங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் சாவுற வரைக்கும் கிளிப்பு கிளிப்புன்னு சொல்லிக்கிட்டுல்ல கெடந்தாரு."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. மன்னிப்பு கேட்க வந்தவன், அதைக் கேட்டால் அவர் 'பரவால்ல தம்பி' என்று சொல்லித் தீர வேண்டுமே என்று தோன்றி நிறுத்திக்கொண்டேன்.

ஒரு பையன் பின்அறையிலிருந்து எட்டிப்பார்த்தான். பாலிடெக்னிக் படித்துவிட்டு ஆறு மாதமாக வேலைக்கு இருக்கிறானாம். "அண்ணே, மூணாவது பேட்டரி கொதி வந்துருச்சு."

அண்ணன் எழுந்தார். ஆணியிலிருந்து இரண்டு கண்ணாடிகளை எடுத்தார். ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"வா. கிராவிட்டி பாரு. எனக்கு அந்தக் கோடு இப்ப சரியாத் தெரியல."

உள்ளே போனோம். அவர் நேராக எதிர்ச் சுவருக்குப் போய் சுவிட்சில் கை வைத்து, திரும்பி நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துவிட்டு ஆஃப் செய்தார். இரைச்சல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டோம். அப்புறம் நான் கிளிப்பை எடுத்தேன்.